ஆச்சியின் பெயரும் அச்சாபீஸ் பாஷையும்

"கல்யாணப் பத்திரிகையில் ஓர் எழுத்து மாறிப்போனால் என்ன? குடியா முழுகிவிடும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் எங்கள் ஆச்சியைப் பார்த்ததில்லை.

1982-இல் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. நாகர்கோவிலில் ஓர் அச்சாபீஸில் பத்திரிகை அடிக்கக் கொடுத்தார் அப்பா. பாட்டா காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. "இன்னாருடைய பேத்தி" என்று ஆச்சியின் பெயரைப் போட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஆச்சி அதுவரையில் தன் பெயரை அச்சில் கண்டவள் அல்ல. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள். விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

அவள் பெயரில் "ழ" இருக்க வேண்டிய இடத்தில் "ழு" உட்கார்ந்திருந்தது! அழகான பெயர் அழுகையாகிவிட்டது.

வீடே சிரித்தது. ஆச்சியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அன்று இரவு என் பக்கத்தில் படுத்திருந்தபோது, "என் பேரு அச்சுல வந்தது இந்த ஒரு தடவதான். அதுலயும் அழ வச்சுட்டானே, மக்களே!" என்றாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

மறுநாள் அப்பா கோபத்துடன் அச்சாபீஸுக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன்.

"காலி" என்றால் காலி இல்லை

அங்கே எழுத்துக் கோக்கிறவர் ஒரு பெரியவர். எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் அவரை அழைத்தார்கள். அப்பாவின் கோபத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு தாளை எடுத்து நீட்டினார். "புரூப் காட்டினோமே? பார்த்துச் சரின்னு கையெழுத்துப் போட்டுத் தந்தீங்களே?" என்றார். தாளின் அடியில் அப்பாவின் கையெழுத்து. மேலே ஆச்சியின் பெயரில் அதே "ழு"! புரூப் என்றால் ஏதோ ரசீது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் அப்பா. அவர் கோபம் போன இடம் தெரியவில்லை.

அண்ணாச்சி மட்டும் சும்மா இருக்கவில்லை. "பிழை என் கையிலதான் வந்தது. எப்படி வந்ததுன்னு பாருங்க" என்று எங்களை உள்ளே அழைத்துப் போனார்.

சாய்வாக நிறுத்திய பெரிய மரத் தட்டு. அதில் அஞ்சறைப் பெட்டி மாதிரி எத்தனையோ அறைகள். இதற்குப் பெயர் "கேஸ்". ஒவ்வோர் அறையிலும் ஒவ்வோர் எழுத்து. ஈயமும் அந்திமனியும் வெள்ளீயமும் கலந்து உருக்கி வார்த்த எழுத்துக்கள். எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து இடது கையிலுள்ள சிறு தட்டில் வரிசையாக அடுக்க வேண்டும். அந்தத் தட்டு "ஸ்டிக்". வரிக்கும் வரிக்கும் நடுவே இடைவெளி விடுவதற்கு மெல்லிய ஈயப் பட்டையைச் செருகுவார்கள், அது "லெட்". ஸ்டிக் நிறைந்ததும் வரிகளை ஒரு நீளத் தட்டுக்கு மாற்றுவார்கள். அந்தத் தட்டுக்குத்தான் "காலி" என்று பெயர். "காலி கொண்டு வா!" என்று அண்ணாச்சி சத்தம் போட்டபோது, ஒன்றுமில்லாததை எப்படிக் கொண்டுவருவது என்று நான் திகைத்தது உண்மை.

காலியில் இருக்கும்போதே மை தடவி ஒரு பிரதி எடுத்தால் அது காலி புரூப். பிறகு பக்கமாகப் பிரித்துக் கட்டி, இரும்புச் சட்டத்துக்குள் வைத்து அசையாமல் முடுக்குவார்கள். சட்டத்தின் பெயர் "சேஸ்". அதைத் தூக்கி டிரெடில் மெஷினில் மாட்டிக் காலால் மிதித்தால், தாள் தாளாக அச்சாகி விழும்.

"இதெல்லாம் சரி. 'ழ' எப்படி 'ழு' ஆச்சு?" என்று நான் கேட்டேன்.

"வேலை முடிஞ்சதும் எழுத்தையெல்லாம் பிரிச்சு அதது அறையில திரும்பப் போடணும். போன வாரம் போடுறப்போ ஒரு 'ழு' தவறி 'ழ' அறைக்குள்ள விழுந்திருக்கு. அது அங்கேயே கிடந்து உங்க ஆச்சி பேருக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கு. அறையைப் பார்த்து எடுப்பேனே தவிர எழுத்தைப் பார்க்க மாட்டேன். அதுக்குத்தான் புரூப்" என்றார்.

இத்தனைக்கும் எழுத்துக்கள் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். அதைத் தலைகீழாக வைத்துத்தான் வாசிப்பார்கள். "கொ" என்று வேண்டுமானால் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுகளைச் சேர்க்க வேண்டும். அந்த வேலையைப் பார்த்த பிறகு யாரைக் கோபிப்பது? பத்திரிகை மாறாமலே கல்யாணம் நடந்தது. ஆச்சி பிழையான பத்திரிகை ஒன்றைத் தன் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டாள்.

நம்முடைய ஊர்ப் பெருமை

அச்சு விஷயத்தில் எங்கள் தெற்கத்திச் சீமைக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

தமிழ் எழுத்தை வார்த்து இந்தியாவில் அச்சிட்ட முதல் நூல் "தம்பிரான் வணக்கம்". அது 1578-ஆம் வருஷம் அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் அச்சாயிற்று. மொத்தம் 16 பக்கங்கள். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற பாதிரியார் தமிழாக்கியது. பிறகு தரங்கம்பாடியில் சீகன்பால்கு காலத்தில் அச்சகம் வந்தது. ஜெர்மனியிலிருந்து 1713-இல் வந்த தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரியவை, காகிதம் கட்டுப்படியாகவில்லை. சிறிய எழுத்துக்களை அங்கேயே வார்த்தார்கள். சீமையிலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தைக்கூட உருக்கினார்கள் என்று சொல்வதுண்டு. டப்பாவைத் தூக்கி எறியாத சாமர்த்தியம் நமக்கு மட்டும் சொந்தமில்லை, பார்த்தீர்களா?

நாகர்கோவிலுக்கு அச்சு இயந்திரம் வந்தது 1820-ஐ ஒட்டி. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் கொண்டுவந்தார். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. அதே காலத்தில்தான் அதே மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மாள் இங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். ஒரே ஊரில் ஒரு பக்கம் ஈய எழுத்து, இன்னொரு பக்கம் நூல் வேலை!

அதற்கு முன்னால் எல்லாம் ஓலைதான். பனை மரத்துக்கு இங்கே பஞ்சமில்லை அல்லவா? அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் கட்டுக் கட்டாக இருந்த பழைய ஓலைகளை உலகுக்குத் தெரியப்படுத்தியவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. நாம் சொல்லும் வார்த்தைகளிலும் அந்த வாசனை போகவில்லை. ஏடு, மடல், இதழ், தாள், நூல் — ஒன்றாவது இயந்திரத்தில் பிறந்ததா? தாள் நெற்பயிரின் தண்டு, இதழ் பூவினுடையது, நூல் தறியிலிருந்து வந்தது.

அச்சு வந்து என்ன ஆயிற்று என்று கேட்டால், அதே கவிமணியைத்தான் சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் அந்தக் காலத்தில் மருமக்கள்வழி. புருஷன் போய்விட்டால் சொத்து அவருடைய சகோதரி பிள்ளைகளுக்கு. மனைவியும் மக்களும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அந்தக் கொடுமையை ஒரு பெண்ணே வாய்விட்டுச் சொல்வதுபோல் கவிமணி பாடினார். "நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்" என்பது அதன் பெயர். முதலில் ஒரு பத்திரிகையில் தொடராக வந்து, பின்பு நூலாயிற்று. ஊரெல்லாம் படித்துச் சிரித்தது, சிரித்துவிட்டு யோசித்தது. வழக்கத்தை மாற்ற வேண்டும் என்று பலரும் பாடுபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. 1926-இல் சட்டமே வந்தது. அடுப்படியில் நடக்கும் அழுகை அடுப்படியோடு போய்விடும். அச்சில் ஏறினால் அரண்மனை வரைக்கும் கேட்கும். அதனால்தான் அச்சில் ஓர் எழுத்து மாறினாலும் மனசு பதறுகிறது.

மருமகளின் பெட்டியில் பழைய சாமான்கள்

இனி இந்தக் காலத்துக்கு வருவோம். என் தம்பி மகளுக்குக் கல்யாணம். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் அவள் வெப் டிசைன் வேலை செய்கிறாள். "பத்திரிகையை நானே கம்ப்யூட்டர்ல பண்ணிடுதேன், அத்தை" என்று மடிக்கணினியைத் திறந்துவிட்டாள். பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.

"இது ஃபாண்ட், அத்தை. இதை பதினாலு பாயிண்ட் வைக்கலாம். லெடிங் கொஞ்சம் கூட்டணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணாச்சியின் வார்த்தைகள் அல்லவா இவை? ஃபாண்ட் என்பது உருக்கி வார்ப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பாயிண்ட் எழுத்தை அளக்கும் அளவு; 72 பாயிண்ட் சேர்ந்தால் ஓர் அங்குலம். லெடிங்தான் அந்த ஈயப் பட்டை. ஈயம் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. இங்கிலீஷில் பெரிய எழுத்தை "அப்பர் கேஸ்" என்கிறார்களே, அது ஏன் தெரியுமா? அந்த எழுத்துக்கள் மேல் தட்டிலும், சின்ன எழுத்துக்கள் கீழ்த் தட்டிலும் இருந்தன. அவ்வளவுதான்.

நான் சொல்லச் சொல்ல மருமகள் வாயைப் பிளந்தாள். "தினமும் சொல்லுதோம் அத்தை, ஈயம்னு தெரியாது" என்றாள். பதிலுக்கு அவளும் சிலவற்றைச் சொன்னாள்.

இப்போதெல்லாம் ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவாக ஓர் எண் உண்டாம். அதுதான் யூனிகோட். அதாவது உலகத்துக்கெல்லாம் ஒரே கேஸ். "ழ"வுக்கு எந்த ஊரிலும் ஒரே அறை. முன்பு ஆளுக்கு ஒரு முறை வைத்திருந்ததால் ஒரு கம்ப்யூட்டரில் அடித்த தமிழ் இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரிந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. "ஆனா, பழைய ஃபாண்ட்ல அடிச்சதை யூனிகோடுக்கு மாத்துறப்போ எழுத்து கெட்டுப்போறது உண்டு" என்றும் எச்சரித்தாள்.

எழுத்தின் உருவமே மாறியதையும் நாம் பார்த்திருக்கிறோம். யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய "லை" ஞாபகமிருக்கிறதா? பெரியார் 1935-இலேயே "குடி அரசு" பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைப் புகுத்தினார். 1978-இல் தமிழக அரசு 13 எழுத்துக்களுக்குப் புது உருவத்தை ஏற்றது. அதனால் அச்சுக் கோப்பவர்களுக்குச் சில அறைகள் மிச்சமாயின. என் பத்திரிகையில்கூட "லை" தும்பிக்கையுடன்தான் இருக்கிறது; அச்சாபீஸ்களில் பழைய எழுத்து தேயும் வரைக்கும் யார் மாற்றுவார்கள்?

கடைக்குப் போகுமுன்

வீட்டில் விசேஷம் வைத்திருக்கும் சகோதரிகளுக்குப் பிரயோஜனப்படும் என்பதால் மருமகள் சொன்னதையும் நான் கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

*நிறம்.* போன் திரையில் பளபளவென்று தெரியும் மாம்பழ மஞ்சள் காகிதத்தில் மங்கிவிடும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. திரை தானே ஒளி விடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் கலப்பு அது. காகிதம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்ற நாலு மைகளின் கலப்பு. ஆகவே அச்சடித்த மாதிரி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தே நிறத்தை முடிவு செய்யுங்கள்.

*படம்.* அச்சில் எந்தப் படமும் புள்ளிகள்தான். அந்தக் காலத்தில் ஹாப்டோன் பிளாக், இப்போது பிக்ஸல். இரண்டுமே புள்ளிக் கோலம். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். நாலு அங்குலப் படத்துக்கு 1200. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிப்போய்விடும். "டாக்குமெண்ட்" ஆக அனுப்பினால் முழுசாகப் போகும்.

*பிளீட்.* பயப்படாதீர்கள், ரத்தம் இல்லை. ஓரம் வரை நிறம் வரவேண்டுமானால், வெட்டும் கோட்டைத் தாண்டி சுமார் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நிறம் விட வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். ரவிக்கைக்குத் தையலுக்கென்று துணி விடுகிறோமே, அதே கணக்கு.

*பாரம்.* மருமகளுக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. ஆச்சி சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதி வைத்திருந்த சமையல் குறிப்புகளை — அவியல், தீயல், எரிசேரி, உளுந்தஞ்சோறு — சிறு புத்தகமாக்கித் தாம்பூலப் பையில் போட வேண்டுமாம். கணக்குப் பார்த்ததில் 35 பக்கம் வந்தது. "32 ஆக்கு" என்றேன். புத்தகம் பக்கம் பக்கமாக அச்சாவதில்லை; பாரம் பாரமாக அச்சாகிறது. ஒரு பாரத்துக்கு 16 பக்கம். 32 என்றால் இரண்டே பாரம். 35 என்றால் மூன்று பக்கத்துக்காகக் கூடுதல் தாள், கூடுதல் கூலி.

சந்தேகமிருந்தால் ஒரு தாளை எடுத்து மூன்று தரம் குறுக்கும் நெடுக்குமாக மடியுங்கள். வெட்டாமல், புத்தகம்போல் ஓரங்களைத் தூக்கிப் பார்த்து 1 முதல் 16 வரை எண் போடுங்கள். பிறகு பிரித்துப் பாருங்கள். சில எண்கள் தலைகீழாக நிற்கும். முதுகு மடிப்பில் 1-க்கு ஜோடி 16. 2-க்கு ஜோடி 15. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17! குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு. 1578-இல் வந்த அந்த முதல் நூலுக்கும் 16 பக்கம்தான் என்பது ஞாபகமிருக்கட்டும்.

*பைண்டிங்.* மெல்லிய புத்தகமானால் நடு மடிப்பில் கம்பி அடிப்பது போதும். அது சென்டர் பின். பெரிய புத்தகத்தைப் பாரம் பாரமாக நூலால் தைத்தால் பல வருஷம் உழைக்கும். முதுகில் பசை மட்டும் போடுவதைப் "பெர்பெக்ட் பைண்டிங்" என்கிறார்கள். பெயரில் இருக்கும் பூரணத்துவம், அடிக்கடி பிரிக்கும் சமையல் புத்தகத்தில் இருப்பதில்லை. நான் பார்த்த பைண்டிங் கூடத்தில் பாரம் மடித்தவர்களும் தைத்தவர்களும் பெண்களே. மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் அச்சாவதில்லை.

கடைசி வாய்ப்பு

எல்லாம் தயாராகி, அச்சகத்திலிருந்து பத்திரிகையின் புரூப் வந்தது. காகிதத்தில் அல்ல, தம்பியின் போனுக்கு. குடும்பக் குழுவில் அவன் போட்ட ஐந்து நிமிஷத்துக்குள் பதினோரு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள். வாசித்தவர் ஒருவருமில்லை!

"பிரிண்ட் ஆர்டர் கொடுத்திடலாமா, அத்தை?" என்றாள் மருமகள்.

"பொறு மக்களே. காகிதத்துல ஒண்ணு எடுத்துக்கொண்டு வா" என்றேன்.

அண்ணாச்சி அன்று கற்றுக்கொடுத்த முறைப்படி உட்கார்ந்தோம். ஒருவர் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் புரூப்பில் விரல் வைத்து வரவேண்டும். அடுத்து பெயர்கள் மட்டும் தனியாக. அடுத்து எண்கள் மட்டும். தேதியையும் கிழமையையும் காலண்டரை வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும். கடைசியாக, கீழிருந்து மேலாக ஒவ்வொரு வார்த்தையாக. அர்த்தம் புரிந்துவிட்டால் கண் தாவிவிடும். அர்த்தமில்லாமல் வாசித்தால்தான் பிழை அகப்படும்.

அகப்பட்டது! தேதி சரி, கிழமை தப்பு. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் சனிக்கிழமை என்று இருந்தது. வெளியூர்க்காரர்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்து பூட்டிய மண்டபத்தின் வாசலில் நின்றிருப்பார்கள்.

மருமகள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க வேலையில தப்பு வந்தா உடனே திருத்திடுவோம் அத்தை. வெப் பக்கம்தானே, ராத்திரிகூட மாத்தலாம். அதனால யாரும் கவனமா வாசிக்கிறதே இல்ல" என்றாள்.

உண்மைதான். திருத்த முடியும் என்ற தைரியம், வாசிக்கும் பழக்கத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஈயமும் ஸ்டிக்கும் காலியும் போனதற்கு நான் வருந்தவில்லை. அண்ணாச்சியின் முதுகு வலி எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சாமான்களோடு சேர்ந்து "புரூப்" என்ற ஒரு வார்த்தையின் பொருளும் போய்விடக்கூடாது. பிழையைப் பிடிக்கக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது. கட்டை விரலால் அதைத் தள்ளிவிடாதீர்கள்.

போன வாரம் சமையல் புத்தகத்தின் புரூப்பும் வந்தது. மேலட்டையில் ஆச்சியின் பெயர், 36 பாயிண்டில். ஆச்சி போய் எத்தனையோ வருஷமாகிறது. அவளைப்போலவே மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன்.

"ழ" தன் இடத்தில் இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.